கோல்ஃப் பந்தின் திசை: பரவும் குறிப்பும் உண்மையும்

“மட்டை வீசும் பாதையில்தான் பந்து புறப்படும், மட்டைமுகம் (பந்தில் படும் பரப்பு) வளைவை மட்டுமே தரும்” என்ற பயிற்சிக் குறிப்பு இன்றும் பகிரப்படுகிறது. இது தவறு. டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் அளவீடுகளின்படி, புறப்படும் திசையில் மட்டைமுகத்தின் பங்கு நெடுந்தூர அடிக்கான டிரைவர் மட்டையில் ஏறத்தாழ 85 சதவீதம், அதைவிடக் குறைந்த தூரத்துக்கான அயர்ன் மட்டைகளில் 75 சதவீதம். முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோண வேறுபாடுதான் பந்தை வளைக்கிறது.

பழைய குறிப்பை நம்பி, நன்றாக இருந்த வீச்சையே கெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. கோளாறு பல நேரங்களில் மணிக்கட்டில் இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்தால் மட்டைமுகம் திறந்துகொள்ளும், அதாவது வலப்புறம் திரும்பிவிடும். பந்து வலப்புறம் கிளம்பும். பயிற்சியாளர் கண்ணுக்கே தப்பும் அந்த மடிப்பை, மணிக்கட்டில் கட்டும் சென்சார் பாகைக் கணக்கில் காட்டிவிடுகிறது.