சீன மருந்துக் கடையில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

போன வாரம் ஒரு தோழி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். சின்ன பாட்டிலில் வெள்ளைப் பொடி. "பையனுக்கு இருமல். சுவான் பெய் பொடி வாங்கினேன். மற்ற கடையில் சொன்னதில் பாதி விலைதான். நல்லதா பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருந்தாள். பொடியைப் படத்தில் பார்த்து என்ன சொல்ல முடியும்? நேரில் பார்த்தாலும் முடியாது. முதலில் பையனை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மருந்தைப் பற்றி அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும்.

நான் வைத்தியர் இல்லை. சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சூப் வைக்கச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் கூடவே போய்க் கற்றுக்கொண்டது பாதி, அப்புறம் தேடிப் படித்தது மீதி.

தோழி வாங்கிய சுவான் பெய், முழுப்பெயர் சுவான் பெய் மூ, சீனாவின் சிச்சுவான் பக்கத்து மலைகளில் விளையும் ஒரு சின்னக் கிழங்கு. பட்டாணியைவிடச் சிறியது, பாலாடை நிறம். அதில் உயர்ந்த ரகம் சொங் பெய். ஒருநாள் ஆன்ட்டி நாலைந்தை என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். பெரிய செதில் ஒன்று, சின்னச் செதில் ஒன்றை முழுசாகக் கட்டிப்பிடித்திருக்கிறது. சின்னது வெளியே தெரியும் கீற்று, பிறைநிலா மாதிரி இருக்கிறது. "மார்போடு நிலவை அணைத்திருக்கிறது" என்று சீனர்கள் இதைச் சொல்வார்களாம். கடைக் கண்ணாடி மேசையில் வைத்தால் குட்டிக் கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் அடிப்பாகம் தட்டை. வடகிழக்குச் சீனாவில் தோட்டத்தில் பயிராகும் பிங் பெய் என்ற உறவுக்காரக் கிழங்கு விலையில் இதன் பக்கத்திலேயே வராது, அதனால் அதையும் இதில் கலப்பார்கள். போதாக்குறைக்கு, நாம் சீன பார்லி என்று சொல்லும் யீ மியைக்கூட இதனோடு கலந்து விற்றவர்கள் உண்டு. முழுசாக இருந்தால் பார்லியின் வயிற்றில் ஓடும் ஆழமான பள்ளம் காட்டிக் கொடுத்துவிடும். பொடியாகிவிட்டால் பள்ளமும் இல்லை, நிலவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், முழுசாக வாங்குங்கள். கண் முன்னே பொடித்துத் தரச் சொல்லுங்கள், கேட்டால் செய்து தருவார்கள்.

ஆனால் இயந்திரத்தில் போடும் முன்னால் எடையையும் விலையையும் பேசி முடித்துவிட வேண்டும். என் அக்கா ஹாங்காங் போனபோது ஒரு கடையில் அமெரிக்க ஜின்செங் வேர் கேட்டிருக்கிறாள். அட்டையில் எழுதியிருந்த விலை ஒரு லியாங்குக்கு (சீன எடை அளவு) என்று நினைத்துத் தலையாட்டினாள். கடைக்காரர் மளமளவென்று சீவிப் பையில் போட்டுவிட்டு பில்லை நீட்டினால் பத்து மடங்கு. அட்டையில் இருந்தது அதைவிடச் சின்ன அளவான ஒரு ச்சியென்னுக்கான விலை. சீவிவிட்டோம், இனி திருப்பி எடுக்க முடியாது என்று நின்றுகொண்டார்கள். புது ஊர், புரியாத மொழி. அழாத குறையாகக் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கணக்கு இதுதான். பத்து ச்சியென் ஒரு லியாங். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் பழைய அளவுப்படி ஒரு லியாங் சுமார் 38 கிராம். பதினாறு லியாங் ஒரு காத்தி, அதாவது சுமார் 600 கிராம். சீனப் பெருநிலத்தில் அதே லியாங் 50 கிராம். ஆக, விலை கேட்கும்போது "கிராமுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் வராத கடையில் நான் நிற்பதில்லை.

சரி, விலைக்கு வருவோம். என் மனதில் ரொம்ப நாளாக இருப்பது இதுதான். சீன மருந்துக் கடையில் நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மருந்துக்குப் போவதில்லை. உருவத்துக்கும் அரிதான தன்மைக்கும் போகிறது. கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்பு உலர்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தர அளவுப்படி 50 கிராமில் 280 பழத்துக்குமேல் இல்லாவிட்டால் அது முதல் தரம். பழம் சிறியதாகி எண்ணிக்கை 580, 900 என்று ஏற ஏறத் தரம் இறங்கும். யுன்னானின் வென்சானில் விளையும் சான் ச்சி வேரை 20 தலை, 60 தலை என்று விற்பார்கள். அரை கிலோவில் எத்தனை வேர் என்பதுதான் அந்த எண். தலை குறைந்தால் விலை கூடும். சான் ச்சியைப் பெரும்பாலும் பொடித்துத்தான் சாப்பிடுகிறோம். பொடியில் பெரிய வேர் என்ன, சின்ன வேர் என்ன? மாமியாருக்குப் பரிசாகக் கொடுக்கப் பெரியதாக வாங்குங்கள், தப்பில்லை. சூப்பில் போடச் சின்னதே போதும்.

இதன் உச்சம் திபெத்தியப் பீடபூமியில் கிடைக்கும், செத்த புழுவிலிருந்து முளைக்கும் புழுப் பூஞ்சை, தோங் சொங் சியா சாவ். தங்கத்தோடு ஒப்பிட்டுப் பேசும் விலை. கிலோவுக்கு எத்தனை என்பதுதான் அங்கேயும் தரம். அதனால் ஒடிந்ததை மூங்கில் குச்சி செருகி ஒட்டுவதும், எடைக்காக உள்ளே உலோகக் கம்பி வைப்பதும் நடந்திருக்கிறது. 2016இல் சீன அரசின் உணவு மருந்துத் துறையே இந்தப் பூஞ்சைப் பொடிகளைச் சோதித்து, கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்செனிக் இருப்பதாக எச்சரித்தது. ஆரோக்கிய உணவுக்கு அங்கே வரம்பு 1 மில்லிகிராம். இதை வீட்டுப் பெரியவர்களுக்குக் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, அழகு. கண்ணைப் பறிக்கிற சிவப்பில் ஒரே மாதிரி மின்னும் கோஜி எனக்குப் பயம். இயல்பாக உலர்ந்தது கொஞ்சம் மங்கின சிவப்பாகத்தான் இருக்கும். காம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். சாயம் ஏற்றினால் அந்தப் புள்ளியும் சிவந்துவிடும். சூப்பில் போடும் ஹுவாய் சான் என்ற உலர்ந்த கிழங்குத் துண்டு சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால், கந்தகப் புகை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு துண்டை நாக்கில் வையுங்கள், புளிப்பு சுரீரென்று ஏறினால் வைத்துவிடுங்கள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து போடுகிற புகைதான். சீன அரசின் மருந்துத் தர நூலும் கொஞ்சம் அனுமதிக்கிறது: பொதுவாகக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு வரை. ஆனால் வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவோம் என்று நாம் நிற்கும்வரை புகை கூடத்தான் செய்யும். குவாங்தொங் மாநிலம் சின்ஹுயின் ஆரஞ்சுத்தோல், சென் பி, பழசாகப் பழசாக விலை ஏறும். அதனால் புதுத்தோலைத் தேயிலைத் தண்ணீரில் கறுக்க வைத்துப் பழசென்று விற்கிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நல்ல தோலில் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசித்துளை மாதிரி ஒளிரும்.

எதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்றால், பெயர் சொன்ன செடிதான் பொட்டலத்தில் இருக்கிறது என்ற நிச்சயத்துக்கு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதில் குவாங் ஃபாங் ஜி வந்து சேர்ந்தது. பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் அது அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள வேறு செடி. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே குடும்பம்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் டப்பாவில் வரும் சீன மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கடை இழுப்பறையில் இருக்கும் வேருக்கும் பட்டைக்கும் அப்படி முன் அனுமதி கிடையாது. அங்கே கடைக்காரரின் கண்தான் காவல். எங்கள் பேட்டையில் ஒரு வயதான அங்கிள் இருக்கிறார். நான் தாங் குய் என்ற வேரைக் கேட்டால், "வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார்களா?" என்று முதலில் கேட்பார். விலை உயர்ந்ததைக் காட்டினால், "சூப்புக்கா? அது எதற்கு?" என்று கீழ் இழுப்பறையைத் திறப்பார். அவர் கடையில் கிராமுக்குச் சில காசு அதிகம்தான். சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

தோழி நேற்று அவரிடமே போய்ப் பத்து கிராம் முழுக் கிழங்காக வாங்கியிருக்கிறாள். ராத்திரி இன்னொரு படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் ஆறு கிழங்குகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தாள். ஐந்து நிமிர்ந்து நிற்கின்றன, ஒன்று மட்டும் சாய்ந்துவிட்டது. "நிலா தெரியுதுடி" என்று கீழே எழுதியிருந்தாள்.