கோட்டை வாசல் மானும் காப்புறுதிப் படிவமும்

போன கிழமை காப்புறுதி முகவர் தம்பி ஒருவர் என்னைத் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் பிடித்துவிட்டார். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறேன், நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை, அதற்குள் காரின் பொனற்றில் படிவத்தை விரித்துவிட்டார். என் பொலிசி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அடிப்படைத் தொகைக்குக் கீழே வரிவரியாக மேலதிகக் காப்புகள்: வெள்ளம் முதலான இயற்கை அனர்த்தம், வேலைநிறுத்தமும் கலவரமும், பயங்கரவாதம், முன் கண்ணாடி, எயார் பேக், கட்டி இழுக்கும் செலவு, பயணிகளுக்கான விபத்துக் காப்பு, பழகுநர் சாரதி, கடைசியில் வாடகைப் பாவனை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி, ஒரு சின்னத் தொகை.

"எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிடுங்கள் அண்ணா. நாள் கணக்குப் பார்த்தால் ஒரு பிளேன்டீ காசுதான்."

நான் பேனையைத் தேடிக்கொண்டிருக்கும்போது கோட்டை மான் ஒன்று சாவகாசமாக வந்து படிவத்தின் கீழ் மூலையைக் கவ்வி இழுத்தது. தம்பி பாய்ந்து பறித்தார். கடைசி வரி மானின் வாய்க்குள் போய்விட்டது. புதிய படிவம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர் நாளை வருகிறார். அந்த இடைவெளியில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிளேன்டீ கணக்கை ஓரமாக வையுங்கள். 365 ஆல் பிரித்தால் எந்தச் செலவும் தேநீர் அளவுக்குச் சுருங்கிவிடும். நான் கேட்கும் கேள்வி வேறு: இந்த இழப்பு நாளைக்கே வந்தால் நகை அடகு வைக்காமல் என்னால் சமாளிக்க முடியுமா? முடியுமென்றால் அந்தப் பெட்டி வெறுமையாகவே இருக்கட்டும்.

ஆனால் பெட்டிகளுக்குப் போகும் முன்பு படிவத்தின் மேற்பகுதியில் ஓர் எண் இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. காப்புறுதித் தொகை, அதாவது கார் எவ்வளவு பெறுமதி என்று பொலிசியில் எழுதியிருக்கும் தொகை. நானும் பார்க்கவில்லை, பட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபாய் விழுந்தது, பழைய கார்களின் விலை கண்ணுக்கெட்டாத உயரத்துக்குப் போனது. என் வேகன் ஆர் மட்டும் பொலிசியில் பழைய 40 இலட்சத்திலேயே நின்றது. தொகையைக் கூட்டினால் கட்டணமும் கூடுமே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஓர் இரவு, கந்தளாய் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. மாடு எழுந்து போய்விட்டது, காரின் முன்பக்கம் போய்விட்டது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து லைட்டும் ரேடியேற்றரும் எடுப்பித்து, தட்டி நெளிவெடுத்துப் பெயின்ற் அடித்து, கராஜ் பில் 3,60,000 ரூபாய். மதிப்பீட்டாளர் காரின் சந்தைப் பெறுமதியை 60 இலட்சம் என்று எழுதினார். பெறுமதியில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே பில்லிலும் மூன்றில் இரண்டு பங்குதான் என்றார்கள். 2,40,000 கிடைத்தது. மிச்சம் 1,20,000 என் தலையில். கார் முழுதாக எரிந்தால்தான் காப்புறுதித் தொகை பேசும் என்று நினைத்திருந்தேன். ஒரு பம்பர் உடைந்தாலும் பேசுகிறது.

அன்றைக்கு என் பொலிசியில் கட்டி இழுக்கும் காப்பும் இருந்தது, எயார் பேக் காப்பும் இருந்தது. அஸ்திவாரம் போடாமல் வாசலுக்கு மாவிலை கட்டியிருக்கிறேன். இறக்குமதி திரும்பவும் திறந்த 2025இலிருந்து விலைகள் இன்னொரு பக்கமாக அசைகின்றன. ஆகவே இந்த எண்ணை ஒவ்வொரு வருடமும் பார்க்கத்தான் வேண்டும்.

இனி வெள்ளம். திருமலைக்காரருக்கு இதில் இரண்டாவது பேச்சு வேண்டாம், எடுங்கள். முழுமையான காப்புறுதி என்ற பெயரைக் கேட்டு வெள்ளமும் அதற்குள் அடங்கும் என்று நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். பல பொலிசிகளில் அது தனி வரி, தனிக் காசு. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலோடு மகாவலி பெருகியபோது மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்தில் என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். மூதூரில் என் நண்பரின் வான் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. அவரிடம் வெள்ளக் காப்பு இருந்தது. தண்ணீர் வடிந்த காலை, வான் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் சாவியைத் திருப்பினார். ஒரு 'டொக்'. அவ்வளவுதான்.

எஞ்ஜினுக்குள் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் இடங்கொடுக்காவிட்டால் கனெக்டிங் ரொட் வளைகிறது. மதிப்பீட்டாளர் வந்து கேட்ட முதல் கேள்வியே "ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" என்பதுதான். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். இருக்கைக்கும் வயரிங்குக்கும் காசு வந்தது, எஞ்ஜினுக்கு வரவில்லை: வெள்ளம் செய்த சேதம் வேறு, நீங்கள் செய்த சேதம் வேறு என்றார்கள். எனக்கு இன்றும் அது கல்நெஞ்சத்தனமாகத்தான் படுகிறது, ஆனால் வாதாட இடமில்லை. வெள்ளக் காப்பு எடுப்பவர்கள் இதையும் சேர்த்து மனதில் எடுத்துக்கொள்ளுங்கள்: நனைந்த வண்டியின் பற்றரியைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், சாவியைத் தொடாதீர்கள்.

கலவரமும் பயங்கரவாதமும் பற்றி இந்த ஊரில் யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2022 மே 9 அன்று கொழும்பில் வாகனங்கள் பேர வாவிக்குள் போனதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். என் படிவத்தில் இதற்கான தொகையும் சிறியதுதான். நாளைக்குச் சரி போடுவேன்.

முன் கண்ணாடி ஆளுக்கு ஆள் மாறும். மகள் பேராதனையில் படிப்பதால் மாதம் இரண்டு தடவையாவது கந்தளாய், ஹபரணை வழியாகப் போய்வருகிறேன். கல் லொறிக்குப் பின்னால் போகும்போது கண்ணாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வயிறு கலங்கும். ஒரு முறை மாற்றினேன், கூலியோடு 50,000 போனது. அந்தத் தொகை என்னைக் கவிழ்த்துவிடாது. ஆனாலும் கண்ணாடிக்குத் தனிக் காப்பில்லாமல் பிரதான பொலிசியில் கேட்டால், வருடக்கணக்காகச் சேர்த்த கோரிக்கையற்ற கழிவு (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி) குறையும் என்று என் பொலிசியில் எழுதியிருக்கிறது. அந்தக் கழிவைக் காப்பாற்றத்தான் கண்ணாடிக் காப்பை எடுக்கிறேன். அநுராதபுரச் சந்திச் சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் காரை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இது எதற்கு? மெதுவாகப் போகிறவரின் கண்ணாடியைக் கல் தேடி வருவதில்லை.

கட்டி இழுக்கும் செலவு வேண்டாம். சீனக்குடாவில் நின்றுபோனால் கூப்பிட எனக்கு ஆளிருக்கிறது. பழகுநர் காப்பு வீட்டில் யாரும் பழகும் வருடத்தில் மட்டும். யானை, மான், மாடு மோதினால் தனிக் காப்பு வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், என் பொலிசியில் அது சாதாரண விபத்துச் சேதம்தான், அடிப்படைக்குள்ளேயே வருகிறது. உப்புக்காற்றில் துருப்பிடிப்பதற்கு எந்தப் பெட்டியும் இல்லை. உப்புவெளியில் வீடு கட்டியவர்கள் தண்ணீர் அடித்துக் கழுவத்தான் வேண்டும். லீசிங்கில் எடுத்த கார் என்றால் இத்தனை யோசனைக்கும் பெரும்பாலும் இடமிராது, லீசிங் கம்பனி சொல்வதைக் கட்டுவீர்கள்.

தம்பியைக் குறை சொல்லவில்லை, தரகுப் பணம் அவருக்குச் சோறு. ஆனால் எந்தப் பெட்டியில் எவ்வளவு வரை தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்பதை அவர் வாயால் கேட்காதீர்கள், பொலிசியின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது "வீட்டில் போய் ஆறுதலாகப் படியுங்கள் அண்ணா" என்றார். படித்தேன். அதில்தான் அந்த வரி அகப்பட்டது: தனியார் பாவனைக்கான பொலிசியில் காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றினால் அந்த ஓட்டத்தில் நடக்கும் சேதத்துக்குக் காப்பு இல்லை.

மே பிறந்தால் நிலாவெளியில் சீசன். என் அத்தான் போன வருடமும் வெள்ளைக்காரர்களைப் புறாத்தீவுப் படகடிக்கு ஏற்றிப்போக என் காரைத்தான் எடுத்தார். இந்த வருடத்துக்கும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மான் தின்றுவிட்டுப் போன வரிக்கு எவ்வளவு என்று நாளைக்குத் தம்பியிடம் கேட்ட பிறகுதான் அத்தானுக்குப் பதில் சொல்ல வேண்டும்.