கோதுமைப் பட்டியலில் விடுபட்ட கட்டம்

எக்டேருக்கு அயர்லாந்தில் 9 டன், இந்தியாவில் மூன்றரை டன். இந்தக் கோதுமைப் பட்டியல் இந்த வாரம் மட்டும் எனக்கு மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. கூடவே "நம்ம ஆளுங்களுக்கு விவசாயமே தெரியல" என்று ஒரு வரி. எண்களில் பெரிய தப்பில்லை. அந்த வரிதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

அயர்லாந்தில் அக்டோபரில் விதைத்தால் ஆகஸ்டில்தான் அறுவடை. ஏறக்குறைய பத்து மாதம் பயிர் வயலில் நிற்கிறது. பஞ்சாபில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், பால் பிடித்து மணி முற்றும் அந்தச் சில வாரங்கள். அயர்லாந்தில் அது ஜூன், ஜூலை. நீண்ட பகல், இதமான வெயில். கோதுமை நிதானமாக மாவு சேர்த்துக்கொள்ளும். பஞ்சாபில் அது மார்ச். அப்போது வெயில் ஏறினால் பயிர் அவசர அவசரமாகப் பழுத்துவிடும், மணி சூம்பிப்போகும்.

2022இல் நடந்தது அதுதான். 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச் அது. பாசனத்துக்குக் குறைவில்லாத வயல்களில்கூட மணி சுருங்கியது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

சரி, தொழில்நுட்பம்? அதிலும் நாம் பின்தங்கி நிற்கவில்லை. பழைய நெட்டை ரகங்கள் உரம் போட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தைக் கலந்து அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய விதையை, 1966இல் 18,000 டன் இறக்குமதி செய்தோம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அன்றைய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அதன் பின்னால் நின்றார்கள். அதே குட்டை மரபணுக்கள் பிரிட்டன் வயலிலும் இருக்கின்றன, ஆஸ்திரேலிய வயலிலும் இருக்கின்றன. பிரிட்டனில் 8 டன். ஆஸ்திரேலியாவிலோ, செயற்கைக்கோள் வழிகாட்டும் டிராக்டர் ஓடியும், சராசரி 2 டன்னைச் சுற்றித்தான். மழையை மட்டும் நம்பிய வறண்ட நிலம் அது. ஆனாலும் உலகின் பெரிய ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. அந்த விவசாயிக்குத் தொழில் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

எகிப்து சூடான நாடுதானே, அங்கே 6 டன்னுக்கு மேல் வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கோதுமை பெரும்பாலும் நைல் பாசனத்தில் விளைகிறது. நம் பஞ்சாபும் 5 டன்னை ஒட்டி எடுக்கிறது. பாசனமும் நல்ல விதையும் போதாத பகுதிகள்தான் தேசிய சராசரியைக் கீழே இழுக்கின்றன. அங்கே விளைச்சலைக் கூட்ட இடம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உலகக் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்று கணித்திருக்கிறார்கள். அதனால் எனக்குப் பெரிதாகப் படுவது விதைக்கும் தேதி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சாபில் நெல் அறுத்த வயலில்தான் பெரும்பாலும் கோதுமை விதைக்கிறார்கள். நெல் அறுவடை தாமதமானால் கோதுமை விதைப்பும் தள்ளிப்போகும், கடைசியில் மணி வெயிலில் மாட்டும். நெல் தாளைக் கொளுத்தாமல், உழாமல், நேரடியாக விதைக்கும் ஹேப்பி சீடர் போன்ற இயந்திரங்கள் அந்த நாட்களை மீட்டுத் தருகின்றன. சிறு விவசாயி அதைச் சொந்தமாக வாங்க முடியாது. ஊருக்கு ஊர் குறைந்த வாடகைக்குக் கிடைக்க வேண்டும், அதுவும் நவம்பர் முதல் வாரத்திலேயே. அரசுப் பணம் முதலில் அங்கே போகட்டும்.

அந்தப் பட்டியலை அடுத்த முறை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இன்னொரு கட்டமும் சேர்த்து அனுப்புங்கள்: விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள்.