அழுகைய விடுங்க கண்ணு, ஓட்டத்தை எடுங்க

கோயமுத்தூர்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருசம் படிக்கிற புள்ளைங்க கொஞ்சப் பேரு ஒரு டாக்குமெண்டரி எடுக்கறாங்க. கோபி பக்கத்துக் கிராமத்துல இருந்து ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா காலேஜுக்குப் போயி அங்க 800 மீட்டர் ஓடிட்டிருக்கற ஒரு பொண்ணப் பத்தி. எடிட்டிங்குக்கு என்ற ஸ்டுடியோவுல சிஸ்டம் கிடைக்குமாண்ணான்னு கேட்டு வந்தாங்க, தாராளமா உக்காருங்கன்னு சொல்லிட்டேன். ஆனா அவங்க கொண்டாந்த ஸ்கிரிப்டைப் படிச்சதுல இருந்து மனசுக்குள்ள ஒண்ணு கெடந்து அறுக்குதுங்க, அதைச் சொல்லியே ஆகோணும்.

ஸ்கிரிப்ட்ல பாதிக்கு மேல அந்தப் பொண்ணோட அம்மா அழறாங்க. ஓட்டு வீடு, கிழிஞ்ச ஷூ, ஏர்போர்ட்ல கட்டிப்புடிச்சு அழுகை, பின்னாடி வயலின். பொண்ணு ஓடறது மொத்தமே ரெண்டு நிமிசம் கூட இல்ல. புள்ளைங்களைக் குத்தம் சொல்லலைங்க, எமோஷன் இல்லைன்னா ஜூரிக்குப் புடிக்காதுன்னு அவங்க கைடே சொல்லி அனுப்பியிருக்கறாரு.

எனக்கு இது ஆகவே ஆகாதுங்க. உயரம் தாண்டற நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கங்க. 2016 ரியோவுல 1.89 மீட்டர் தாண்டி தங்கம், டோக்கியோவுல 1.86 வெள்ளி, 2024 பாரிஸ்ல 1.85 வெண்கலம், வரிசையா மூணு பாராலிம்பிக்ஸ்ல மெடல். அவங்கம்மா காய்கறி வித்தது, அஞ்சு வயசுல கால்ல பஸ் ஏறுனது இதெல்லாம் நம்ம எல்லாத்துக்கும் மனப்பாடம். ஆனா டோக்கியோவுக்குப் போற ஃபிளைட்ல கூட வந்த ஒருத்தருக்கு கொரோனான்னு தெரிஞ்சு, தொடக்க விழாவுல தேசியக் கொடி புடிக்க வேண்டிய மனுசன் தனிமைல உக்காந்திருந்தது, அப்பறம் ஃபைனல் அன்னிக்கு மழை புடிச்சு கால்ல போட்ட சாக்ஸ் நனைஞ்சு டேக்ஆஃப் சரியா வரலைன்னு அவரே சொன்னது, இதெல்லாம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குது? ஒரு விளையாட்டுக்காரனோட வாழ்க்கை அங்கதானுங்க நடக்குது, அந்த ஈர சாக்ஸ்ல.

கிரிக்கெட் பவுலர் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் அதேதான். ஐபிஎல்லுக்கு துபாய் பக்கம் போனவரு அப்படியே நெட் பவுலரா, அதாவது பயிற்சில பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடறவரா, ஆஸ்திரேலியா போனாரு, 2020 டிசம்பர்ல கான்பெராவுல ஒன்டேயும் டி20யும், 2021 ஜனவரில பிரிஸ்பேன்ல டெஸ்ட்டும் ஆடி ஒரே டூர்ல மூணுலயும் அறிமுகம் ஆனாரு. நடுவுல இங்க ஊர்ல பொண்ணு பொறந்துச்சு, மொகத்தைப் பாக்கறதுக்கே ஜனவரி ஆயிருச்சு. ஊருக்குள்ள சாரட்டு வண்டில வந்தப்ப எடுக்காத செல்ஃபோன் கிடையாது. அதுக்கு முந்தி நெட்ல நாள் பூரா மத்தவங்களுக்குப் பந்து போட்டுட்டு நின்னாரே அந்த மாசங்களை உக்காந்து படமா எடுத்தா எப்படி இருக்கும்னு நான் அப்பவே நெனச்சேன், இப்பவும் நெனைக்கறேன்.

அதனால புள்ளைங்ககிட்ட ஒண்ணுதான் சொன்னேன், அம்மிணி ஓடறதை எடுங்க. இங்க சுண்ணாம்புக் கோடு போட்ட மண் கிரவுண்டுல 400 மீட்டரை ரெண்டு சுத்து சுத்துன புள்ள அது. அங்க பனிக்காலத்துல இண்டோர் சீசன், டிராக்கே 200 மீட்டர்தான், அதே 800க்கு நாலு சுத்து, வளைவுல தரையே சரிஞ்சு நிக்கும், அந்த நெருக்கடில முழங்கை இடிச்சுட்டு உள் லேனைப் புடிக்கோணும். இதைக் கத்துக்கறதுக்குள்ள எத்தனை தடவை பின்னாடி வந்திருக்கும், எங்க முந்தறதுன்னு எப்பப் புரிஞ்சுச்சு, இதைக் கேளுங்க. சீசன் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல பயிற்சி வாங்கக்கூடாதுன்னு அவங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல ரூல் இருக்குது, மிச்ச நேரத்துல கிளாஸ், அசைன்மெண்ட், ஸ்டூடண்ட் விசாங்கறதால நெனச்ச வேலைக்கும் போக முடியாது. ராத்திரி ரூம்ல சோறாக்குதா, என்ன சாப்புட்டு அடுத்த நாள் ஓடுது, இதெல்லாம் கதை இல்லாம வேற என்னங்க கதை?

காசில்ல, யாரும் அமெரிக்கா போகப் போறதில்ல, அது நெசம். கூட ஓடற புள்ளைங்க ஃபோன்ல எடுத்து அனுப்பட்டும், ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிருங்க. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்மூர்ல 50. நம்ம பழக்கத்துக்கு செகண்டுக்கு 25 ஃபிரேம்ல எடுக்கச் சொன்னா இண்டோர் லைட்டெல்லாம் படத்துல மினுக் மினுக்குன்னு அடிக்கும், 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 வெச்சு எடுக்கச் சொல்லுங்க, எடிட்டிங் டைம்லைனை என்ன ஃபிரேம் ரேட்ல போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க. வீடியோ கால் சவுண்டை நம்பாதீங்க, அந்தப் பொண்ணு சட்டைல காலர் மைக் குத்தி அங்கயே தனியா ரெக்கார்ட் பண்ணி ஃபைலா அனுப்பட்டும். அந்தப் பொண்ணு அங்க ஓடுன மீட்டோட டெலிகாஸ்ட்டை யூடியூப்ல இருந்து இறக்கிக்கலாம்னு ஒரு பையன் சொன்னான், வேண்டாம் சாமி, உரிமை வெச்சிருக்கறவங்க ஒரு புகார் போட்டா படமே போயிரும், அந்த காலேஜ் ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டுக்கு மெயில் போட்டு எழுத்துல பெர்மிஷன் வாங்குங்க.

இன்னொண்ணும் முக்கியம். ரஃப் கட்டை, அதாவது மொதல் தடவை வெட்டி ஒட்டுன படத்தை, மொதல்ல அந்தப் பொண்ணுக்குக் காட்டோணும், இது வேண்டாம்னு அது சொன்னா எடுத்துறோணும். நாளைக்கு ஊர் ஒறம்பரை அத்தனை பேரு மத்தியில இந்தப் படத்தோட வாழப் போறது அதுதான், நம்ம இல்ல.

ஃபெஸ்டிவலுக்கு அனுப்பறது அப்பறம் பாத்துக்கலாம், நோம்பி சமயத்துல அவங்க ஊர்லயே ஸ்கிரீன் கட்டிப் போடுங்கன்னும் சொல்லியிருக்கறேன். நம்ம சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே கிளார்க்கா இருந்தவரு, 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டர் வாங்கி ஊரூரா டெண்ட் போட்டுக் காட்டிட்டுத்தான் 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரு. அந்த ஊர்ல படிக்கிற புள்ளைங்க கிராமத்துல படம் போடறதுக்கு யோசிக்க வேண்டியதே இல்ல. அந்தத் தெடல்ல உக்காந்து பாக்கற எட்டாவது படிக்கிற புள்ளைக்கு, ஓடி ஜெயிக்கறதுன்னா தினம் என்ன பண்ணோணும்னு படத்துல தெரியோணும், பாவம்னு மட்டும் தெரிஞ்சா அதுக்கு என்ன பிரயோசனம்?

ஸ்கிரிப்டைத் திருப்பி எழுதறாங்க இப்போ. ஈரோடு மாவட்ட, ஜோனல் மீட்டெல்லாம் ஃபோன்ல எடுத்த பெத்தவங்க, பிஇடி சார்மாரு யாராவது இதைப் படிச்சீங்கன்னா பழைய ஃபோனைத் தேடிப் பாருங்க, கேர்ள்ஸ் 800 ஓட்டம் இருந்தா, படம் ஆடியிருந்தாலும் பரவால்ல, இன்பாக்ஸ்ல சொல்லுங்க, புள்ளைங்களையே உங்ககிட்டப் பேசச் சொல்றேன்.