எங்கள் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று குடலில் தீராத அழற்சி உள்ளவர்களுக்கு கொரோனா காலத்தில் வீட்டாரும் அயலட்டையும் சொன்ன முதல் புத்தி, "உந்தக் குளிசையை நிப்பாட்டு பிள்ளை, எதிர்ப்புச் சக்தி போயிடும்" என்பதுதான். அன்பினால்தான் சொன்னார்கள், தெரியும். ஆனாலும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாகி, நோய் கிளம்பும் நேரத்தில் இரத்தமும் சளியுமாகப் போகும். இது யாருக்கும் தொற்றாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்குவதால் வருகிற நோய், அதை அடக்கத்தான் நான் அசாத்தியோபிரின் குடிக்கிறேன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டுமென்று நாடே ஓடிய காலத்தில் (2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்த ஒரு பாணிக்காகச் சனம் எப்படி முண்டியடித்தது என்று பார்த்தோமே) அதைக் குறைக்கிற மருந்தைக் குடிப்பவரைப் பார்த்துப் பயப்படுவது இயல்புதான். எனக்கும் பயம் இருந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது டொக்டருக்கே முழு விடை தெரியாது, நிறுத்த வேண்டாம், வெளியே போகாமல் இருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அந்த வருடமே விடை வரத் தொடங்கியது. பல நாட்டுக் குடல் நோய் டொக்டர்மார், தங்கள் நோயாளிகளில் கொரோனா வந்தவர்களின் விவரத்தை செக்கியூர் ஐபிடி (ஐபிடி என்பது இந்தக் குடல் அழற்சி நோய்களின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒரே பதிவேட்டில் சேர்த்தார்கள். 33 நாடுகளின் 525 பேரை வைத்து வந்த முதல் முடிவில், வயதோடும் மற்ற நோய்களோடும் சேர்த்து, கொரோனா கடுமையாகிறதோடு தொடர்புபட்டிருந்த மருந்துகளில் ஒன்று ஸ்டெரொயிட், அதாவது பிரெட்னிசொலோன் போன்றவை. இதே நோய்களுக்குப் போடும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசிகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வழக்கமான மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பக்கூடும். கிளம்பினால் அதை அடக்கப் பெரும்பாலும் கொடுப்பது அதே பிரெட்னிசொலோன். முற்றினால் வார்டில் படுக்கவும் வேண்டி வரும், 2021இலோ வார்டெல்லாம் கொரோனா நோயாளிகளால் நிரம்பிக் கிடந்தன.

மூதூரில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. கண்டி கிளினிக் வரிசையில் பழக்கமானவன். 2021 மே மாதம் தொற்று ஏறியபோது அவன் அம்மா பயந்து குளிசையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான், அதுதான் இதில் உள்ள ஏமாற்று. பிறகு இரவு முழுக்கப் பாய்க்கும் கக்கூசுக்குமாக நடந்தான். வயிற்றோட்டம் கொரோனாவின் அறிகுறிகளிலும் ஒன்றல்லவா, அயலவர்கள் சந்தேகப்பட, பிசிஆர் எடுத்து முடிவு வரும்வரை வீட்டோடு அடைத்து வைத்தார்கள். முடிவு நெகட்டிவ். அதற்குள் உடம்பு கரைந்துவிட்டது. வீடியோ கோலில் வந்தபோது கன்னம் ஒட்டி, பேசும்போதே ஒரு கையால் சாறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்டெரொயிட்டில் முகம் ஊதிவிட்டது. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னவர்கள்மீதுதான் கோபம்.

கொரோனா பொசிட்டிவ் வந்தால் அசாத்தியோபிரினைச் சில நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். பிரெட்னிசொலோன் குடிப்பவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதே நோய்க்குக் கொடுக்கும் மெசலசின் மட்டும் குடிப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் தேவையில்லை, அது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தல்ல.

தடுப்பூசியையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாதது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள். 2021இல் கொரோனாவுக்குப் போட்ட சினோபார்ம், கோவிஷீல்ட், பைசர் எதுவுமே அந்த வகை இல்லை. அதனால் நானும் போட்டேன். நான் போட்ட பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது, சாவி அதிபரிடமாம், அதிபர் அங்கே இல்லை. அப்படி இருக்கும் என்று தெரிந்தே முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை. நல்லவேளை, ஒரு நேர்ஸ் அக்கா கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் முன்னால் கூட்டிப்போனார். வெளியிலிருந்து பார்த்தால் எங்களுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருந்தால் போதும், அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும்.

2020இல் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள், பெரிய உதவி. ஆனால் அசாத்தியோபிரின் குடித்தால் வெள்ளணுக்களையும் ஈரலையும் இரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எது வந்தாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் கண்டிவரை போகத் தேவையில்லை, இங்கே திருகோணமலையிலேயே எடுத்து ரிப்போர்ட்டை டொக்டருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். கொப்பியின் மருந்துப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், பாமசியில் அது உதவும், ஊரடங்கு நாட்களில் சோதனைச் சாவடியிலும் உதவியது. பாலையூற்று, உவர்மலை, சாம்பல்தீவுப் பக்கம் யாருக்காவது குளிசை முடியப்போகிறதென்றால் கடைசி அட்டை வரும்வரை காத்திருக்காமல் இன்பொக்ஸில் எழுதுங்கள், எங்கே கிடைக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.