வாளப்பளம்

எங்கள் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று எடுத்த அந்த வீடியோவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்பக் குழுவிலேயே அது வந்து விழுந்தது, ஐந்தாறு சிரிப்புப் பொம்மைகளோடு. சரி, இனி எழுதத்தான் வேண்டும்.

அதில் நிற்பவள் என் பெறாமகள். தங்கச்சியின் பிள்ளை, 14 வயது, சூரிச்சிலிருந்து லீவுக்கு வந்தவள். "வாழைப்பழம் சொல்லுங்க பாப்பம்" என்று போனை முகத்துக்கு நேரே பிடித்தால் அது என்ன செய்யும்? சொல்லிப் பார்த்தது. ழ வரவில்லை. நீங்கள் சிரித்தீர்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். மற்றக் கையால் தாவணி நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டு நின்றது யார் கண்ணிலும் படவில்லை. கேட்ட தம்பியின் வாயிலிருந்து வந்ததும் "வாளப்பளம்"தான் என்பதும் யார் காதிலும் விழவில்லை. இருபது வருஷமாகத் தமிழ் படிப்பிக்கிறேன், இந்த ஊரில் ழ சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கேளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அது இரண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கூடப் படிக்கிறதுகள் சனிக்கிழமை நீச்சலுக்குப் போக, இவள் தமிழ் வகுப்பில் 'அம்மா, ஆடு' எழுதினாள். சூரிச்சில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள். ஜெர்மன் தடுமாறினால் மேல் பிரிவு கஷ்டம். இங்கே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கே தாய்மாருக்குச் சோறு இறங்குவதில்லை. அங்கே தாய்க்குக் கேள்வித்தாளையே வாசிக்கத் தெரியாது. 9 வயதில் காப்புறுதிக் கடிதத்தைத் தாய்க்கு வாசித்து விளக்கியது இந்தப் பிள்ளைதான். காப்புறுதி என்ற சொல் தெரியாமல் "வருத்தம் வந்தா அவங்க தாற காசு, அம்மா" என்றிருக்கிறாள். இதற்கு மேல் என்ன தமிழ் வேண்டும் உங்களுக்கு?

1990 ஆனியில் சண்டை தொடங்க, எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. முதல் நாள் பக்கத்துப் பிள்ளையிடம் "ஒள்ளுப்பம் தண்ணி தா" என்று கேட்டேன். ஒள்ளுப்பம் என்றால் எங்கள் ஊரில் கொஞ்சம். வகுப்பே கிறுகிப் பார்த்தது. இடைவேளையில் எங்கள் ஊர்ப் பேச்சைப் பகிடி பண்ணி "மறுகா, மறுகா" என்று பின்னால் வந்தார்கள். எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள்தான். அந்தத் தவணை முழுக்க நான் யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை.

"பகிடிக்குத்தானே ரீச்சர்" என்று ஒருவர். உங்கள் மகள் இங்கிலீஷில் தடுமாறும்போது ஒரு வெள்ளைக்காரன் போனைப் பிடித்தால் அதுவும் பகிடிதானே?

"தாய் தகப்பன் வீட்டில் தமிழ் கதைக்காததுதான் பிழை" என்று இன்னொருவர். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர் வீட்டிலும் ஜெர்மன் கதைக்கச் சொன்னார் என்று தங்கச்சி இரண்டு வருஷம் அரைகுறை ஜெர்மனில் பிள்ளையை வளர்த்தாள். நானே ஏசியிருக்கிறேன். ஆனால் அது பயத்தில் செய்தது. தமிழிலேயே எல்லாம் நடக்கிற இந்த ஊரில் பிள்ளைக்கு அங்கிள், ஆன்ட்டி பழக்குகிறீர்களே, அது என்ன பயம்?

ஜோன் பெரி என்ற கனடா உளவியலாளரும் சகாக்களும் 13 நாடுகளில், குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 5,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். வீட்டுப் பழக்கத்தையும் வந்த நாட்டையும் சேர்த்துப் பிடித்த பிள்ளைகள்தான் மனதாலும் பள்ளிக்கூடத்திலும் நன்றாக ஊன்றியிருந்தார்கள். எதிலும் ஒட்டாமல் நின்றதுகள்தான் அல்லாடின. அப்படி ஒட்டாமல் நிற்க வைப்பது யார்? அங்கே "நீ உண்மையில் எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். இங்கே கமராவைப் பிடிக்கிறீர்கள்.

கோயில் திருப்பணிக்கென்றால் மட்டும் சுவிஸ்காரர் நம்மட ஆக்கள். அப்போது ரசீதில் தங்கச்சியின் பெயரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறீர்கள். அவள் பெற்றது கேணியடியில் நின்றால் காட்சிப் பொருள். அடுத்த வருஷம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை பிளேன் ஏறினாள்.

வீடியோ எடுத்தவன் என்னிடம் படித்தவன். ஒன்பதாம் வகுப்பில் மேடையில் பேச்சை மறந்து விறைத்து நின்றான். சிரித்த பிள்ளைகளை அதட்டிவிட்டு, பக்கத்தில் போய் முதல் வரியை எடுத்துக் கொடுத்தது நான். நேற்றிலிருந்து மூன்று தரம் கோல் எடுத்துவிட்டேன் மனே, நீ போனைத் தூக்குகிறாயில்லை.