கடைக்காகப் பிறந்த டிவியும் என் வயிற்றெரிச்சலும்

பிளாஸ்மா டிவி தயாரிப்பு 2014 வாக்கில் நின்றுபோய்விட்டது; அவை கடைகளில் விற்ற காலத்தில் ஒன்றை வாங்கியவனின் புலம்பல் இது. ஒரு பிளாஸ்மா டிவியைப் பூப்போல நடத்த வேண்டிய காலம் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்த எவரும் முதல் நூறு, இருநூறு மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். அதே டிவி தன் ஆயுளிலேயே மிக முரட்டுத்தனமாக ஓடும் காலம் எது என்று கேட்டால், அதற்கும் விடை அதே முதல் நூறு மணி நேரம்தான். பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தவுடன், கான்ட்ராஸ்ட் உச்சத்திலும் வண்ணம் கண்ணைப் பறிக்கும் அளவிலும் வைக்கப்பட்ட 'விவிட்' கோலத்தில்தான் அது கண் விழிக்கிறது. தயாரித்து அனுப்பியவர்களுக்கு இது தெரியாமல் நடக்கிறது என்று நம்ப நான் தயாராக இல்லை.

இந்தக் கோலம் யாருக்காக? கூரை முழுவதும் விளக்குகள் எரியும் கடையில், வரிசையாக நிற்கும் எல்சிடிகளுக்கு நடுவே, தள்ளி நடந்துபோகிறவரின் பார்வையை இழுப்பதற்காக. மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து படம் பார்க்கிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. முதன்முறை இயக்கும்போது 'வீடா, கடையா' என்று திரையில் ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. 'வீடு' என்று அழுத்தினேன். விளம்பரப் படம் ஓடுவது மட்டும் நின்றது. முகங்கள் அப்படியே செக்கச்செவேலென்று இருந்தன. புல்வெளி சாயம் கொட்டிய பச்சையில் தகித்தது. பிறகு எதற்கு அந்தக் கேள்வி?

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பிளாஸ்மா திரை என்பது நியானும் செனானும் அடைக்கப்பட்ட இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகளின் தொகுப்பு. மின்னழுத்தத்தில் வாயு கிளர்ந்து புற ஊதாக் கதிரை வெளியிட, அது அறைச் சுவரில் பூசப்பட்ட சிவப்பு, பச்சை, நீல பாஸ்பர்களில் பட்டு நாம் காணும் ஒளியாகிறது. இந்தப் பாஸ்பர் ஒளிர ஒளிரத் தேயும் பொருள். புதிதாக இருக்கும்போது வேகமாகத் தேய்ந்து, சில நூறு மணி நேரம் ஓடிய பிறகு நிதானப்படும். மூன்றில் சீக்கிரம் சோர்ந்துபோவது நீலம். இப்போது விவிட் முறையின் வண்ண வெப்பநிலையை, அதாவது வெள்ளை நீலம் தட்டுகிறதா மஞ்சள் தட்டுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் அளவைப் பாருங்கள்: 'கூல்'. வெள்ளையெல்லாம் நீலம் அதிகமாகப் போட்டு அலசிய துணியைப் போலத் தெரியும். படங்களும் நிகழ்ச்சிகளும் 6500 கெல்வின் வெள்ளையை அளவுகோலாக வைத்து வண்ணம் சரிசெய்யப்படுகின்றன. அந்த அளவைத் தாண்டி நீலத்தைத் தூக்கிக் காட்டுவதற்காக, மூன்றிலும் நோஞ்சானான பாஸ்பரைத்தான் முதல் நாளிலிருந்தே கசக்கிப் பிழிகிறார்கள்.

இதைவிடக் கொதிப்பேற்றும் சங்கதி ஒன்று உண்டு. பிளாஸ்மா திரை செலவிடும் மின்சாரத்துக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. திரை முழுவதும் வெள்ளையாக இருந்தால் அது தானாகவே ஒளியைத் தணித்துக்கொள்ளும். இருண்ட காட்சியில் சிறிய வெள்ளைப் பகுதி மட்டும் இருந்தால் அதற்குத் தன் முழு பலத்தையும் கொடுக்கும். ஆகவே கான்ட்ராஸ்டை உச்சிக்கு ஏற்றுவதால் பனிமலைக் காட்சி பெரிதாக ஒன்றும் பிரகாசமடைவதில்லை. பிரகாசமடைவது எது என்றால், மூலையில் அசையாமல் குந்தியிருக்கும் சேனல் லோகோ! எது ஒரே இடத்தில் நின்று பாஸ்பரைத் தின்னுமோ, அதற்குத்தான் விருந்து. இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு படம் முடிந்து திரை வெறும் சாம்பல் நிறத்துக்கு மாறியபோது, வலது மேல் மூலையில் அந்த லோகோவின் எழுத்துகள் ஒவ்வொன்றும் வாசிக்கும்படி மங்கலாக நின்றன. சில நிமிடங்களில் மறைந்துவிட்டன. இது தற்காலிக நிழல்தான், பர்ன்-இன் எனப்படும் நிரந்தரத் தழும்பு அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு கலங்கத்தான் செய்தது.

சரி, நாமே குறைத்துக்கொள்வோம் என்று ரிமோட்டை எடுத்தால் அடுத்த கூத்து ஆரம்பமாகிறது. பிரைட்னஸ் என்றால் திரையின் வெளிச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் அளவு. கூட்டினால் இரவு வானம் சாம்பலாகும், குறைத்தால் கறுப்புக் கோட்டின் மடிப்பும் அதை அணிந்தவரின் தலைமுடியும் ஒரே இருட்டுக்குள் போய்விடும். வெள்ளையின் உச்சத்தை அடக்குவது கான்ட்ராஸ்ட். ஷார்ப்னெஸ் புதிதாக எந்த நுணுக்கத்தையும் கொண்டுவருவதில்லை. எழுத்துகளின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்து நம்மை ஏமாற்றுகிறது. இதையெல்லாம் மெனுவிலேயே ஆளுக்கு ஒரு வரியில் எழுதிவைத்தால் என்ன குறைந்துபோகும்? கையேட்டில் இருப்பதோ, 'பிரைட்னஸ்: படத்தின் பிரைட்னஸைச் சரிசெய்யும்' என்ற ஞானவாக்கியம். மேலும், நாம் கவனிக்க வேண்டிய நிழல் பகுதியின் மேலேயே மெனு பந்தல் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. யோசித்து முடிப்பதற்குள் தானாக மறைந்தும் விடுகிறது. ஒருவழியாகச் சினிமா முறைக்கு மாற்றி, கான்ட்ராஸ்டைப் பாதியாக்கி, வண்ண வெப்பநிலையைக் 'கூல்'-இலிருந்து நீலம் குறைந்த 'வார்ம்' ஆக்கி, பெருமூச்சு விட்டு அடுத்த எச்டிஎம்ஐ இணைப்புக்குப் போனால், அங்கே மறுபடியும் விவிட் பல்லை இளிக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி நினைவாம். வாங்கியவனின் பொறுமைக்கு மட்டும் கணக்கே இல்லை.

இதற்கிடையில் புதுத் திரையைப் பக்குவப்படுத்துவது எப்படி என்று ஆளாளுக்கு உபதேசம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல் என்று முழுத்திரை வண்ண ஸ்லைடுகளை இரவு பகலாக ஓட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. கான்ட்ராஸ்டை அடக்கி, திரையை முழுமையாக நிரப்பும் அசையும் படங்களைப் பார்த்தாலே போதும் என்பது இன்னொரு கட்சி; என் ஓட்டு இவர்களுக்குத்தான். டிவி வாங்குவது பார்ப்பதற்கே அன்றி, ஆளில்லாத அறையில் வண்ண அட்டை காட்டுவதற்கு அல்ல. ஆனால் திரையை நிரப்ப வேண்டும் என்பதற்காக, அகலம் குறைந்த பழைய 4:3 வடிவ நிகழ்ச்சிகளை இழுத்து அகலப்படுத்தி, ஒல்லியானவரையெல்லாம் பயில்வானாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உருவம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பிளாஸ்மா தேடி வாங்கியவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

இத்தனை எச்சரிக்கையும் வாங்கியவன் தலையில். அசையாத படங்களை நெடுநேரம் காட்டக் கூடாது என்று கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் விழும் தழும்புக்கு உத்தரவாதம் செல்லாது என்று அதற்குக் கீழேயே கைகழுவியும் விட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்சனும் முதல் பிளாஸ்மா திரையை உருவாக்கியது 1964-இல். அரை நூற்றாண்டை நெருங்கிய ஒரு தொழில்நுட்பத்தில், புதுத் திரைக்கென்று மென்மையான ஒரு தொடக்க முறையை வைக்க அப்போதுமா யாருக்கும் தோன்றவில்லை? திரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பல டிவிகள் தாமே எண்ணிவைத்திருக்கின்றன. பழுது பார்க்க வருபவர் மட்டும் திறக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் அந்த எண் பத்திரமாக இருக்கிறது. எண்ணத் தெரிந்த பெட்டிக்கு, நூறு மணி நேரம் தாண்டும்வரை கான்ட்ராஸ்டைப் பாதிக்கு மேல் ஏற்றாதே என்று ஒரு கட்டளை எழுதுவது அப்படி என்ன பெரிய வித்தை? கடையில் மங்கலாகத் தெரிந்துவிடுமே என்று கவலைப்படுகிறார்கள் என்றால், கடைக்கென்று ஒரு பொத்தானைத்தான் முதல் கேள்வியிலேயே கொடுத்து வைத்திருக்கிறார்களே!